எட்டுப் பேர் வருகிறார்கள், என்ன விளையாடலாம்?

கல்லூரித் தோழி ஒருத்தி போன வாரம் போனில் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் நம்ம செட் எட்டுப் பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுட்டேன்டி. சும்மா உட்கார்ந்தா அரை மணியில ஆளுக்கொரு போனை எடுத்துடுவாளுங்க. ஏதாவது விளையாட்டு வைக்கணும். என் நாத்தனார் தம்போலாங்கறா, எதிர்வீட்டு அக்கா ரம்மிங்கறாங்க. நீ என்ன சொல்ற?"

என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை தோழிகள் கூடி ஆடத் தொடங்கி ஆறேழு வருடம் ஆகிறது. ஆறு பேர் வந்த நாளும் உண்டு, பதினான்கு பேர் வந்து செருப்பு மாடிப்படி வரை போன நாளும் உண்டு. நன்றாக நடந்த மாலைகளைவிடச் சொதப்பிய மாலைகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. அவளிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

"எது ஜாலியாக இருக்கும்?" என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பிடித்த தோழிகள் சேர்ந்தால் கல்லாங்காய் ஆடினாலும் ஜாலிதான். நான் பார்ப்பது வேறு.

முதலில், வீட்டுக்காரி உட்கார முடியுமா? பட்டியலில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். கூப்பிட்டவள் பாதி நேரம் அடுப்படியிலும் மீதி நேரம் வாசல் கதவிலும் நிற்க, வந்தவர்கள் மட்டும் ஆடிவிட்டுப் போகிற மாலை யாருக்காக? அவள் நடுவில் எழுந்து போனால் ஆட்டம் நிற்கிறதா, நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, வாய்க்கு ஓய்வு கிடைக்கிறதா. இங்கே வருகிறவர்கள் நெருங்கிய தோழிகள். விளையாட வருவதாகச் சொல்லிவிட்டுப் பேசத்தான் வருகிறார்கள். கை விளையாட, வாய் பேச வேண்டும். சில ஆட்டங்கள் வாயையும் காதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, எண்ணிக்கை. எட்டுப் பேர் என்றால் ஆறரைக்கு ஐந்து பேர், ஏழே காலுக்கு இரண்டு பேர், "இதோ கிளம்பிட்டேன்" என்று குளியலறையிலிருந்து மெசேஜ் போடுகிற ஒருத்தி என்றுதான் அர்த்தம். தாமதமாக வருகிறவளை நடுவில் சேர்த்துக்கொள்ள முடிகிற ஆட்டமா?

தோற்றால் எங்கே வலிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பணத்திலா, மானத்திலா? அப்புறம் சில்லறை விஷயங்கள்: முழங்கால் வலிக்காரி தரையில் உட்கார முடியுமா, கீழ்வீட்டுக்காரர் கம்பு எடுத்துக்கொண்டு வருவாரா, ஒன்பதரை மணிக்குள் முடியுமா.

## தாயம்

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் தாயத்தைச் சும்மா எடுத்து விரித்தால் அது காலை வாரிவிடும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் காயை இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டே வழியில். எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் ஆடினால் அதில் ஒருத்தி ஒரு காயைக்கூட இறக்காமல் அரை மணி நேரம் வேடிக்கை பார்ப்பாள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. உட்கார்ந்து பார்த்தவள் கடைசியில் "எனக்கு ராசி இல்லடி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சிரிப்பு கண்வரை போகவில்லை.

இதற்கு வைத்தியம் எளிது. ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் அதுதான் வழக்கமே. வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். பத்து உருட்டில் வெறுங்கையோடு இருப்பது நூற்றுக்கு ஐந்தாறு தடவைதான்.

இரண்டாவது சிக்கல் நேரம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று வைத்தால், ஒரு உருட்டுக்குச் சராசரியாக 3.75 கட்டம் நகரும். ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஒரு காய் நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமாக 48 கட்டம் போக வேண்டும். நாலு காய்க்கு 192. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 51 உருட்டு, நாலு பக்கத்துக்கும் சேர்த்து இருநூறைத் தாண்டும். நடுவில் வெட்டுப்பட்டுக் காய் வீட்டுக்குத் திரும்புவதை இதில் சேர்க்கவேயில்லை. இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் ஒரு காய்க்கு 24 கட்டம்தான். ஆட்டம் பாதியாகக் குறைந்து முக்கால் மணி, ஒரு மணியில் முடிந்துவிடும். மாலைக் கூட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்துதான் சரி. ஏழுக்கு ஏழு, விடிய விடிய கண்விழிக்கிற வைகுண்ட ஏகாதசி ராத்திரிக்கு. ஸ்ரீரங்கத்தில் என் பாட்டி மற்ற நாளில் "கட்டை உருண்டா வீட்டுக்கு ஆகாது" என்று பரணில் ஏற்றி வைத்திருப்பாள். அன்று ராத்திரி மட்டும் பரமபதப் படத்தோடு தாயக்கட்டையும் கீழே இறங்கும். ஆகாது என்பதெல்லாம் அன்றைக்குச் செல்லாது போலிருக்கிறது.

இனி, தாயத்தை நான் முதலிடத்தில் வைக்கும் காரணம். நாலு பக்கம்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு இரண்டு பேரை உட்கார வைக்கலாம். ஒருத்தி உருட்டுவாள், இன்னொருத்தி காய் நகர்த்துவாள். எட்டுப் பேர் ஒரே கட்டத்தைச் சுற்றி. அடுப்பை அணைக்க நான் எழுந்து போனால் என் ஜோடி ஆடுவாள். ஏழே காலுக்கு வருகிறவள் தனியாக இருக்கிறவளோடு ஒட்டிக்கொள்வாள். ஒரு பக்கம் ஆடும்போது மற்ற மூன்று பக்கமும் ஊர்க்கதை பேசும். யாராவது வெட்டுப்படும்போது மட்டும் கதை நிற்கும், ஒரு கூச்சல், திரும்பக் கதை. ஜோடியாகத் தோற்பதால் தோல்வியும் பாதியாகிவிடுகிறது.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. ஒன்று, விதிச் சண்டை. வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாமா? வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டா? மலையில், அதாவது குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில், நிற்கிற காயை வெட்டலாமா? தஞ்சாவூர்க்காரி ஒன்று சொல்வாள், சேலத்துக்காரி ஒன்று சொல்வாள், இருவருமே அவரவர் பாட்டி மேல் சத்தியம் செய்வார்கள். ஆட்டம் தொடங்கும் முன் நாலு வரியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, சத்தம். டைல்ஸ் தரையில் பித்தளைக் கட்டை விழுகிற ஓசை கீழ்வீட்டின் தலைக்கு மேல் ஆணி அடிப்பது போல் கேட்கும். எங்களுக்குப் புகார் வந்த பிறகுதான் புத்தி வந்தது. இப்போது அடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுகிறோம். முழங்கால் வலிக்காரி இருந்தால் சார்ட் தாளில் கட்டம் வரைந்து சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து ஆடலாம்.

## ரம்மி

இரண்டு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, ஆறு பேர் வரை ஒரு வட்டம். ரம்மி தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஆட்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூளைக்கு வேலை உண்டு, சீட்டு எடுத்துப் போடும் இடைவெளியில் பேச்சும் ஓடும். நாலைந்து பேர், எல்லாரும் ஆடத் தெரிந்தவர்கள், மேசையைச் சுற்றி நாற்காலி, பிளாஸ்க்கில் காபி என்றால் நான் தாயத்தை எடுக்கவே மாட்டேன்.

எட்டுப் பேர் என்றவுடன் கதை மாறுகிறது. இரண்டு வட்டமாகப் பிரிய வேண்டும். பிரிந்தால் அது ஒரு வீட்டில் நடக்கிற இரண்டு விசேஷம். அந்த மேசையில் சிரிப்பு வெடித்தால் இந்த மேசை "என்னடி, என்னடி" என்று கழுத்தை நீட்டும். தெரியாத ஒருத்தி இருந்தால் அவளுக்கு சீக்வன்ஸ், செட், ஜோக்கர் எல்லாம் சொல்லிக்கொடுப்பதற்குள் காபி ஆறிவிடும். பாதி ஆட்டத்தில் வீட்டுக்காரி எழுந்தால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொத்த வட்டமும் காத்திருக்கும். குக்கர் ஐந்தாவது விசில் அடிக்கும்போது கையில் ஒரே ஒரு சீட்டுக்காகத் தவமிருப்பது பெரிய அவஸ்தை.

பணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். "புள்ளிக்கு ஐம்பது காசுதானே, சுவாரஸ்யத்துக்கு" என்று நாங்களும் ஆரம்பித்தோம். ஃபுல் கவுண்ட், அதாவது கையில் எதுவும் சேராமல் மாட்டினால் 80 புள்ளி, 40 ரூபாய். ஸ்கூட் சொல்லி, அதாவது ஆடாமலே விலகி, சீட்டைக் கவிழ்த்தாலும் 20 புள்ளி, 10 ரூபாய். ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் நடக்கும். ஒரு நாள் எங்களில் ஒருத்தி 300 ரூபாய்க்கு மேல் தோற்றாள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த மாதம் ஊரிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். மூன்றாவது மாதம்தான் எனக்கு உறைத்தது. அந்த வருடம் அவள் கணவருக்கு வேலை போயிருந்தது என்பது எங்கள் எல்லாருக்குமே தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காசு வைத்து எதுவும் ஆடுவதில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம், அதிகம் சேர்த்தவள் மீந்த பலகாரத்தில் முதல் பங்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

"101 பூல்" முறையும் வேண்டாம். புள்ளி தாண்டியவள் வெளியேறி ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போனைத் தவிர்க்கத்தானே இத்தனை ஏற்பாடும்? ஆட்டக் கணக்கு வைத்து, எட்டு ஆட்டம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

## தம்போலா

ஹவுஸி என்றாலும் இதுதான். ஒரு சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், மொத்தம் 15. ஒன்று முதல் 90 வரை கூப்பிடுவார்கள். முதல் ஐந்து, மேல்வரி, நடுவரி, கீழ்வரி, ஃபுல் ஹவுஸ் என்று பரிசு. யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், எண் தெரிந்தால் போதும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு சீட்டு எடுத்தால் 24 சீட்டு. ஃபுல் ஹவுஸ் விழுவதற்குப் பெரும்பாலும் எழுபது எண்ணையாவது தாண்ட வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

சீட்டு 10 ரூபாய் என்றால் 240 ரூபாய் சேரும். முதல் ஐந்துக்கு 30, வரிக்கு 40 வீதம் 120, ஃபுல் ஹவுஸுக்கு 90. கணக்கு நேராகிவிடும். யாரும் 20 ரூபாய்க்கு மேல் இழக்க முடியாது என்பது ரம்மியோடு ஒப்பிட்டால் நிம்மதி.

ஆனால் இதில் ஒருவர் எண் கூப்பிட வேண்டும். அந்த ஒருவர் எப்போதுமே வீட்டுக்காரிதான்! போனில் எண் சொல்லும் செயலி போட்டால் அவள் தப்பிக்கலாம். தப்ப முடியாத குறை இன்னொன்று: மற்ற அனைவரும் வாயை மூடிக்கொண்டு சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உன் பொண்ணு எப்படி இருக்கா" என்று ஒருத்தி தொடங்கினால் "உஷ்! என்ன நம்பர் சொன்னே?" என்று நாலு பேர் அதட்டுவார்கள். அதனால் என் அபிப்பிராயம், தம்போலா அவ்வளவாக அறிமுகமில்லாதவர்கள் கூடும் இடத்துக்கான ஆட்டம். அடுக்கக விழா, அலுவலகத் தோழிகள், கல்யாண வீட்டில் மருதாணி வைக்கும் ராத்திரி. என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. பதினைந்து வருடப் பழக்கம் உள்ள எட்டுப் பேருக்கு அது எதற்கு?

## அந்தாட்சரி

செலவு இல்லை, பொருள் இல்லை, மின்சாரம்கூட வேண்டாம். கையால் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம். தாமதமாக வருகிறவள் செருப்பைக் கழற்றும்போதே பாட்டில் சேர்ந்துகொள்வாள். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே கத்திப் பாடிப் புள்ளி வாங்கித் தரலாம், நானே வாங்கித் தந்திருக்கிறேன்.

தமிழில் ஒரு வில்லங்கம். இந்தியில் இது வழுக்கிக்கொண்டு ஓடும். நம் மொழியில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். ஆனால் நம் பாட்டு வரிகள் முடிவதெல்லாம் "ன்", "ள்", "ல்", "ர்" என்றுதான். விதி இல்லாமல் தொடங்கினால் மூன்றாவது பாட்டிலேயே வண்டி நின்றுவிடும். "ன்" முடிந்தால் "ந" எடுக்கலாம், "ள்", "ழ்" எல்லாம் "ல" ஆகட்டும் என்று வைத்தாலும், "ல" வந்தவுடன் எல்லாரும் "லாலாலா" என்று ஏமாற்றத் தொடங்கிவிடுவார்கள்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடிப்பது. முன்னவள் பாடிய இரண்டு வரியில் வந்த ஏதாவது ஒரு சொல், அடுத்தவள் பாட்டின் முதல் வரியில் எங்காவது இருக்க வேண்டும். நிலா, கண், மழை, நெஞ்சு என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசிச் சொல்லையே முதல் சொல்லாக எடுக்க வேண்டும் என்றால் அது நம்முடைய பழைய அந்தாதிதான், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்.

மறைசெலவு: ஒன்று, குரல் நன்றாக இருப்பவளும் பாட்டு நிறையத் தெரிந்தவளும் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். "எனக்குப் பாட வராது" என்கிற இரண்டு பேர் ரசிகைகளாகிவிடுவார்கள். பாட வேண்டாம், வரியைச் சொன்னால் போதும் என்று விதி வைத்தால் பாதி தீரும். இரண்டு, இதில் பேச்சு நடக்காது, பாட்டுத்தான் பேச்சு. மூன்று, சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒன்பது மணிக்கு மேல் தனி வீட்டுக்குத்தான் சரிப்படும்.

## சைகையில் படப்பெயர்

டம் ஷராட்ஸ். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டுமானால் இதுதான். இரண்டு அணி, படப்பெயர் எழுதிய துண்டுச்சீட்டு, இரண்டு நிமிடம். ஆனால் அரை மணிக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது, எழுந்து நின்று நடிக்கக் கூச்சப்படுகிறவளை வற்புறுத்தினால் அவளுக்கு அந்த மாலையே போய்விடும். வற்புறுத்தாதீர்கள், அவளை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், பின்னால் வைத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

## கேரம்

நாலு பேருக்கு மேல் இடமில்லை, அத்தோடு விஷயம் முடிந்தது. உலகக் கோப்பை அளவில் ஆடிய இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைப் பெண்கள்தான். அதனால் இதை ஆண்பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஆனால் எட்டுப் பேர் கூடும் மாலைக்கு இது ஓரத்தில் போட்டு வைக்கிற ஆட்டம்தான். பலகையில் தூவுவது போரிக் பவுடர், அந்தக் கையோடு முறுக்கை எடுக்காதீர்கள். சாப்பாட்டையும் கேரமையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

## உனோவும் கழுதையும்

பிள்ளைகளும் வந்தால் உனோ. ஆளுக்கு ஏழு சீட்டு, பத்துப் பேர் வரை ஆடலாம், ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அடுத்தவளை இரண்டு சீட்டு எடுக்க வைக்கிற பிளஸ் டூ சீட்டு மேல் இன்னொரு பிளஸ் டூ போட்டுத் தள்ளலாமா என்று கட்டாயம் சண்டை வரும். அட்டையோடு வருகிற விதிப்படி கூடாது. எங்கள் வீட்டில் போடலாம், அதுதான் சுவாரஸ்யம்.

உனோ வாங்க வேண்டுமே என்று யோசித்தால் வீட்டில் இருக்கிற சீட்டுக்கட்டிலேயே கழுதை ஆடலாம். எல்லா சீட்டையும் பங்கிட்டு, அதே ஜாதி சீட்டு இல்லாதபோது வெட்டி, பெரிய சீட்டுப் போட்டவள் தலையில் குவியலைக் கட்டுகிற ஆட்டம். கையில் சீட்டோடு கடைசியாக நிற்பவள் கழுதை. பள்ளிக்கூட விடுமுறையில் ஆடாதவர்கள் குறைவு என்பதால் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே குறை, முதலில் சீட்டைத் தீர்த்தவர்கள் காத்திருக்க வேண்டும். அவர்களைத் தோசை திருப்ப அனுப்பலாம்.

## பல்லாங்குழி

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் போட்டால் 70 முத்து, இரண்டே பேர். கணக்குப்படி எட்டுப் பேர் மாலைக்கு இது தள்ளுபடி ஆக வேண்டும். நான் தள்ளவில்லை. ஆறரைக்குச் சொன்னால் ஆறேகாலுக்கே வந்து நிற்கிற ஒருத்தி எல்லா செட்டிலும் உண்டு. அவளையும் என் மாமியாரையும் பல்லாங்குழி முன் உட்கார வைத்துவிட்டால் எனக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். மாமியாரும் கூட்டத்தில் ஒருவர் ஆகிவிடுவார், உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். இதுவரை அவரை யாரும் ஜெயித்ததில்லை. எந்தக் குழியில் நாலு முத்து சேர்ந்து பசு விழப்போகிறது என்று மூன்று சுற்று முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்.

## பெட்டியில் வரும் புது விளையாட்டுகள்

கட்டான் போன்றவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடிப்படைப் பெட்டியில் நாலு பேர்தான். விதி சொல்லவே இருபது நிமிடம் ஆகும், நடுவில் வந்தவளைச் சேர்க்க முடியாது. இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு சொல்லைக் குறிப்பாகச் சொல்லித் தன் அணிக்குரிய அட்டைகளைக் கண்டுபிடிக்க வைக்கிற கோட்நேம்ஸ் வேறு ரகம், எட்டுப் பேருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். அதை வாங்கக்கூட வேண்டாம். 25 துண்டு அட்டையில் நீங்களே தமிழ்ச் சொற்களை எழுதி ஐந்துக்கு ஐந்தாக அடுக்குங்கள். "மாலை", "திங்கள்", "ஆறு", "படி", "இசை" என்று இரண்டு பொருள் தரும் சொற்கள் நம்மிடம் எக்கச்சக்கம். ஒரே சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து மூன்று அட்டையைக் காட்டிவிட்டால் வருகிற பெருமை இருக்கிறதே! தயாரிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும், அதுதான் செலவு.

## ஒரே பார்வையில்

| ஆட்டம் | ஆட்கள் | ஒரு சுற்று | பேச்சு ஓடுமா | வீட்டுக்காரி எழுந்தால் |
|---|---|---|---|---|
| தாயம் (5×5, ஜோடியாக) | 4 முதல் 8 | முக்கால் முதல் ஒரு மணி | நன்றாக | ஜோடி ஆடுவாள் |
| ரம்மி | 2 முதல் 6 | 10 நிமிடம் | ஓரளவு | ஆட்டம் நிற்கும் |
| தம்போலா | 8க்கு மேல் | 20 நிமிடம் | ஓடாது | எண் கூப்பிட ஆள் வேண்டும் |
| அந்தாட்சரி | எத்தனை பேரும் | விருப்பம் போல் | பாட்டுத்தான் | அங்கிருந்தே பாடலாம் |
| சைகைப் படப்பெயர் | 6க்கு மேல் | அரை மணி போதும் | சிரிப்பு மட்டும் | பரவாயில்லை |
| உனோ, கழுதை | 4 முதல் 10 | 15 நிமிடம் | ஓரளவு | அடுத்த சுற்றில் சேரலாம் |
| கேரம் | 4 | அரை மணி | நன்றாக | ஆட்டம் நிற்கும் |
| பல்லாங்குழி | 2 | அரை மணி | நன்றாக | இன்னொருத்தி உட்காரலாம் |

## அடுப்படிக் கணக்கு

எந்த ஆட்டத்தை எடுத்தாலும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற செலவு சாப்பாடு. பஜ்ஜி போடுகிறேன் என்று இறங்கினால் வீட்டுக்காரி எட்டு மணி வரை வெளியே வரமாட்டாள். அதோடு எண்ணெய்க் கை பட்ட சீட்டுக்கட்டு அடுத்த மாதத்துக்கு உதவாது. ஒட்டிக்கொண்டு ஒன்று எடுத்தால் இரண்டு வரும். முன்கூட்டியே செய்து வைத்து, ஆறினாலும் கெடாததாகப் பாருங்கள்: மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லி, கரண்டியால் எடுக்கிற சுண்டல், புளியோதரை, தயிர்சாதம், பிளாஸ்க்கில் சுக்குக் காபி. வருகிறவர்கள் "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்று உபசாரத்துக்குச் சொல்லாதீர்கள். ஒருத்தி தயிர்சாதம், ஒருத்தி ஸ்வீட் என்று பிரித்துக்கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு இது பழக இரண்டு வருடம் ஆனது, ஆளாளுக்குக் கௌரவம் பார்த்ததில்.

## எந்தக் கூட்டத்துக்கு எது

நாலைந்து பேர், எல்லாருக்கும் சீட்டு தெரியும் என்றால் காசு வைக்காமல் ரம்மி. எட்டுப் பேர் வரை பழைய தோழிகள் என்றால் ஜோடித் தாயம். பத்துக்கு மேல் போய்விட்டால் ஒரே ஆட்டத்தில் எல்லாரையும் அடைக்கப் பார்க்காதீர்கள், அந்தாட்சரியும் சைகையும்தான் தாங்கும். கூட்டத்தில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் புதியவர்கள் என்றால் முதல் அரை மணிக்குத் தம்போலா வைத்துவிட்டு அப்புறம் வேறு எதற்காவது மாறுங்கள். பிள்ளைகளும் மாமியாரும் சேர்ந்த கூட்டம் என்றால் உனோ ஒரு பக்கம், பல்லாங்குழி ஒரு பக்கம். யாருக்காவது அண்மையில் வீட்டில் துக்கம் நடந்திருந்தால், அல்லது ஒருத்தி மனசு சரியில்லாமல் வருகிறாள் என்று தெரிந்தால், வாய்க்கு இடம் கொடுக்கிற ஆட்டமாக எடுங்கள். அன்றைக்குப் பாட்டும் நடிப்பும் வேண்டாம்.

தோழியிடம் ஐந்துக்கு ஐந்து தாயம், நாலு ஜோடி, ஐந்து விழுந்தாலும் இறக்கலாம், விதியைச் சுவரில் ஒட்டு, நாத்தனாரின் தம்போலாவை அவள் சம்பந்தி வீட்டார் வரும்போது வைத்துக்கொள் என்று சொன்னேன். "எல்லாம் சரி, தாயக்கட்டைக்கு எங்கே போறது?" என்றாள். பெரிய கடைவீதிப் பக்கம் பித்தளைப் பாத்திரக் கடையில் கேள், இல்லையென்றால் உன் அம்மா வீட்டுப் பரணில் தேடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு கட்டை புதிதாகப் பளபளத்தது, மற்றொன்று பாட்டி காலத்துக் கறுத்த பித்தளை. ஜோடி தொலைந்து போயிருந்ததாம். இரண்டும் எடை வேறு, ஆறு அடிக்கடி விழுகிறதென்று ஆளாளுக்குச் சண்டையாம்.